கவுனைப் பிடிச்சு இழுக்கலாம், தப்பே இல்ல

"என் ரூம் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு. ஜூனியர்ஸ்தான் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க."

ஒரு கல்யாண ரிசப்ஷன்ல, எனக்குத் தெரிஞ்ச ஒரு லா ஃபர்ம் பார்ட்னர் இப்படிச் சொன்னார். நல்ல மனுஷர். சட்டம் தெரிஞ்சவர். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்ல. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்த மத்த சீனியர்களும் "ஆமா ஆமா, நம்ம காலம் மாதிரி இல்ல"ன்னு தலையாட்டினாங்க.

எனக்கு அதுக்கு மேல சாப்பாடு இறங்கல. வீட்டுக்கு வந்தும் அந்த எரிச்சல் போகல. அதான் உட்கார்ந்து எழுதறேன். நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல அந்தக் கதவைப் பத்திப் பேசிடுவோம். கதவு திறந்திருக்கு, சரி. உள்ள என்ன நடக்குது? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எந்த சேம்பருக்கு வேணா போய்ப் பாருங்க. சீனியர் எதிர்ல ரெண்டு கட்சிக்காரங்க. காதுல போன். நாளைக்கான காஸ் லிஸ்ட் வந்தாச்சு, எந்தக் கோர்ட்டுல எந்த ஐட்டம்னு கிளார்க் அண்ணன் சத்தமா வாசிச்சிட்டு இருப்பார். ஸ்டெனோ பாதி டிக்டேஷன்ல காத்திட்டு இருப்பாங்க. இதுக்கு நடுவுல, சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகாத ஒரு பையன் வாசல்ல வந்து நிக்கிறான். "சார், அந்த அப்பீல்ல ஒரு சின்னப் பிரச்சனை"ன்னு சொல்லணும். அந்தப் பிரச்சனைக்குக் காரணமே அவனா இருக்கலாம். கட்சிக்காரர் முன்னாடி அதைச் சொல்ல முடியுமா? முடியாது. "அப்புறம் வரேன் சார்"னு போயிடுவான்.

அந்த அப்புறம் வரவே வராது.

அந்தப் பையன் சம்பளம், அவன் என்ன கத்துக்கறான்கிறது, எந்த கேஸ்ல அவனை எழுந்து பேச விடுவாங்கங்கிறது, நாளைக்கு வேற ஆபீஸ் போனா "இவன் எப்படி?"ன்னு வர்ற போனுக்கு என்ன பதில் போகும்கிறது, எல்லாமே உள்ள உட்கார்ந்திருக்கிறவர் கையில. இவ்வளவையும் கையில வெச்சிருக்கிறவர்தான் முதல்ல எழுந்து வாசலுக்கு வரணும். ஜூனியரை "வாயைத் திற"ன்னு சொல்லிட்டா மட்டும் திறந்திடாது. பேசினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அதைக் காட்ட வேண்டியது நம்ம வேலை.

(நான் ரெண்டு பக்கமும் இருந்திருக்கேன். தம்பு செட்டித் தெருவுல ஒரு சேம்பர்ல ஜூனியரா ஆரம்பிச்சேன். இப்போ அர்மேனியன் தெருவுல ஒரு சின்ன ஃபர்ம்ல பார்ட்னர். சிவில், கமர்ஷியல், ஆர்பிட்ரேஷன், கொஞ்சம் செக் கேஸ். அதனால நான் சொல்ற உதாரணமெல்லாம் அந்தப் பக்கமே சாயும்.)

நம்ம தொழில் கட்டப்பட்டிருக்கிற விதத்தையும் பாருங்க. 1961 அட்வகேட்ஸ் சட்டம், பிரிவு 16. வக்கீல்கள்ல ரெண்டு வகை: சீனியர் அட்வகேட், மத்தவங்க. அப்படி சீனியரா அறிவிக்கப்பட்டவர் வக்காலத்து போட முடியாது. கட்சிக்காரர்கிட்ட நேரா இன்ஸ்ட்ரக்‌ஷன் வாங்கக் கூடாது. பார் கவுன்சில் விதியே அப்படி. கேஸ்ல என்ன நடந்ததுன்னு அவருக்கு இன்னொரு வக்கீல்தான் சொல்லணும். அந்த இன்னொரு வக்கீல் பெரும்பாலும் யாரு? கேஸ் கட்டைப் படிச்சு, தேதிவாரியா லிஸ்ட் போட்டு, டைப்டு செட்ல பக்க எண் குறிச்சு எடுத்துட்டுப் போற ஜூனியர்.

ஃபர்ம்லயும் கதை அதேதான், பேர்தான் வேற. கட்சிக்காரர் அனுப்பின ஈமெயில் குவியலைப் படிக்கிறது முதல் வருஷ அசோசியேட். அவர் சீனியர் அசோசியேட்டுக்குச் சொல்வார், அவர் பார்ட்னருக்கு. பார்ட்னர் மேசைக்கு வர்றப்போ அது அழகா மார்ஜின் வெச்ச பதினஞ்சு பக்க டிராஃப்ட். அடியில இருக்கிற ஓட்டை அவர் கண்ணுக்கே தெரியாது. அதைப் பார்த்த ஒரே ஆள் அந்த அசோசியேட். அவர் வாயை மூடிட்டா, பார்ட்னரோட இருபது வருஷ அனுபவத்தால அந்தக் கேஸுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

இப்போ கவுன் விஷயத்துக்கு வரேன்.

என்னோட சீனியர் (பேர் சொல்லல, அவருக்குப் பிடிக்காது), நான் சேர்ந்த முதல் நாளே ஒண்ணு சொன்னார். "இங்க பாரும்மா, கோர்ட்டுல நான் பேசிட்டு இருக்கும்போது ஃபேக்ட் எதையாவது தப்பாச் சொன்னேன்னா, பின்னாலேருந்து என் கவுனைப் பிடிச்சு இழு. நான் திரும்பலேன்னா இன்னும் வேகமா இழு. ஜட்ஜ் பார்ப்பாரேன்னு யோசிக்காதே."

அவர் இதைச் சொல்றப்போ ஆபீஸ்ல எல்லாரும் இருந்தாங்க. கிளார்க் உட்பட. இது முக்கியம். தனியாச் சொல்லியிருந்தா, ஏதோ பெருந்தன்மையாப் பேசறார்னு நினைச்சிருப்பேன். எல்லார் முன்னாடியும் சொன்னதால அது ஆபீஸோட சட்டமாயிடுச்சு.

அப்படி ஒரு நாள் வந்தது. ஒரு இடைக்கால மனு. எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்தாச்சுன்னு சீனியர் சொல்லிட்டு இருக்கார். எனக்கு அடிவயிறு கலங்குது. ரெண்டாவது எதிர்மனுதாரருக்கு அனுப்பின கவர் 'வீடு பூட்டியுள்ளது'ன்னு திரும்பி வந்திருந்தது. முந்தின நாள்தான் கட்டுல பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நீட்டினேன். அவர் பார்க்கல. இழுத்துட்டேன் கவுனை.

திரும்பினார். சீட்டைப் படிச்சார். ஜட்ஜ் பக்கம் திரும்பி, "மை லார்ட், ஒரு திருத்தம். என் ஜூனியர் சரியா நினைவுபடுத்தறாங்க. ரெண்டாவது எதிர்மனுதாரருக்கு இன்னும் சர்வ் ஆகல"ன்னு சொன்னார்.

"என் ஜூனியர் சரியா நினைவுபடுத்தறாங்க." அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு பெரிய பரிசுன்னு சொல்லிப் புரியவைக்க முடியல. அதுக்கப்புறம் எனக்கு அவர்கிட்ட எதைச் சொல்லவும் பயம் இருந்ததில்ல.

நினைச்சுப் பாருங்க, அன்னிக்கு நான் இழுக்காம இருந்திருந்தா? உத்தரவு வாங்கியிருப்போம். எதிர்க்கட்சி பத்து நாள்ல வந்து, கோர்ட்டை ஏமாத்தி வாங்கினாங்கன்னு மனு போட்டிருப்பாங்க. கட்சிக்காரருக்கு உத்தரவும் போயிருக்கும், சீனியர் மேல கோர்ட்டுக்கு இருந்த நம்பிக்கையும் போயிருக்கும். வக்கீலுக்கு அந்த நம்பிக்கைதான் முதல். அதைக் காப்பாத்தற வேலையைப் பாதி நேரம் செய்யறது பின்னால நிக்கிற ஆள்தான்.

சரி, இதுல ஏன் இவ்வளவு வேகம் காட்டறேன்? நம்ம தொழில்ல சொல்லாம விட்ட விஷயம் அப்படியே கிடக்காது. அதுக்குக் காலக்கெடு ஓடிட்டே இருக்கும்.

சில கெடு இளகும். கீழ்க்கோர்ட் தீர்ப்பு மேல அப்பீல் போட நாள் தாண்டிப் போச்சா? லிமிடேஷன் சட்டம் பிரிவு 5-ல மனு போட்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்லி, மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். நம்ம ஹைகோர்ட்டுல தாக்கல் பண்ணின பேப்பரை ஏதாவது குறை சொல்லி செக்‌ஷன்ல ரிட்டர்ன் பண்ணினா, சரி பண்ணித் திருப்பிக் கொடுக்கிறதுல ஆன தாமதத்துக்கும் தனியா ஒரு மனு போடலாம்.

இளகாத கெடுவும் இருக்கு. ஆர்பிட்ரேஷன் அவார்டை எதிர்த்து பிரிவு 34-ல போகணும்னா மூணு மாசம். தக்க காரணம் காட்டினா இன்னும் 30 நாள். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது; சட்டத்துலயே அப்படி இறுக்கமா எழுதி வெச்சிருக்காங்க, 2001-லயே சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. கமர்ஷியல் வழக்குல எதிருரை தாக்கல் பண்ண சம்மன் கிடைச்சதுலேருந்து 120 நாள்தான் எல்லை. 121-வது நாள் அந்த உரிமையே போயிடும், ஜட்ஜ் இரக்கப்பட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது. செக் பவுன்ஸ்ல, பேங்க்லேருந்து தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் விட்டாகணும். அதுக்கப்புறம் புகார் தாக்கல் பண்றதுல தாமதம் ஆனா காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி இருக்கு. நோட்டீஸுக்கு அந்த வழி இல்ல.

இப்போ, அவார்டு காப்பி ஆபீஸுக்கு வந்த தேதியை டைரியில ஒரு மாசம் தள்ளிக் குறிச்சுட்ட ஒரு ஜூனியரைக் கற்பனை பண்ணுங்க. எண்பதாவது நாள் அவனுக்குத் தெரியுது. அன்னிக்கே சொன்னா பத்து நாள்ல உருண்டு புரண்டு தாக்கல் பண்ணிடலாம். நூறாவது நாள் சொன்னாலும் தாமத மனுவோட போயிடலாம். "சார் இப்போ டென்ஷன்ல இருக்கார், இந்த வாரம் வேணாம்"னு தள்ளித் தள்ளி நூத்தி முப்பதாவது நாள் சொன்னா? கட்சிக்காரர் கோடிக்கணக்குல பணம் கட்டணும், அவ்வளவுதான். குறிச்சது தப்புன்னா அது சின்னத் தப்பு, திருத்திடலாம். அந்த ஐம்பது நாள் மௌனத்தைத் திருத்தவே முடியாது.

அந்த மௌனத்துக்கு அவன் மட்டுமா பொறுப்பு?

இந்த இடத்துல லண்டன்ல நடந்த ஒரு வழக்கைச் சொல்லணும். (ஜூனியர் வெச்சிருக்கிற எல்லாரும் இதைத் தேடிப் படிங்கன்னு கேட்டுக்கறேன். 2018 நவம்பர் தீர்ப்பு, இங்கிலாந்து ஹைகோர்ட்.) மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளைப் பார்த்துட்டு இருந்த ஒரு இளம் பெண் சாலிசிட்டர். வேலை தேங்கிப் போச்சு. கேஸ் நகர்ந்துட்டு இருக்குன்னு காட்டறதுக்காக, அனுப்பாத கடிதங்களைப் பழைய தேதி போட்டுத் தயார் பண்ணி கட்டுல வெச்சுட்டாங்க. மாட்டிக்கிட்டாங்க. ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் விசாரிச்சப்போ, அந்த ஃபர்ம்ல எவ்வளவு நெருக்கடி, எத்தனை மணி நேரம் பில் பண்ணணும்னு எவ்வளவு அழுத்தம், அவங்க மனநிலை எப்படிச் சிதைஞ்சிருந்ததுன்னு எல்லாம் வெளியே வந்தது. அந்த ஆபீஸ் சூழலைத் தீர்ப்பாயம் கடுமையாவே விமர்சனம் பண்ணிச்சு. அதனால தொழிலை விட்டு நீக்காம விட்டாங்க. ஆனா கண்காணிப்பு அமைப்பு அப்பீல் போச்சு. ஹைகோர்ட் என்ன சொல்லிச்சு? வேலை அழுத்தமும் மனநலப் பிரச்சனையும் நேர்மையின்மையை மன்னிக்கற அளவுக்கு விதிவிலக்கான சூழ்நிலை ஆகாதுன்னு சொல்லி, பட்டியல்லேருந்தே பேரை நீக்கிடுச்சு.

தீர்ப்பு சட்டப்படி சரின்னுதான் நினைக்கிறேன். வக்கீல் பொய்க் கடிதம் போட முடியாது. ஆனா எனக்கு ஆறாத விஷயம் ஒண்ணு உண்டு. முதல் கடிதத்துக்கு முன்னாடி ஒரு நாள் இருந்திருக்கும் இல்லையா? "என்னால முடியல, இந்தக் கேஸ்ல நான் பின்தங்கிட்டேன்"னு போய்ச் சொல்ல வேண்டிய நாள். அன்னிக்கு யார்கிட்ட சொல்லலாம்னு அவங்களுக்கு ஒரு முகம்கூட நினைவுக்கு வராமப் போயிருக்கணும். அது எவ்வளவு பெரிய துக்கம்.

அதுக்கப்புறம் 2023-ல அந்த நாட்டு சாலிசிட்டர் ஒழுங்குமுறை அமைப்பு, கூட வேலை செய்யறவங்களை நியாயமா, மரியாதையா நடத்தணும், மிரட்டக் கூடாதுன்னு நடத்தை விதியிலயே சேர்த்துச்சு. ஆபீஸை நடத்தற விதமும் தொழில் ஒழுக்கம்தான்னு எழுத்துல வந்துடுச்சு. நல்ல விஷயம்.

சரி, லண்டனை விடுங்க. அர்மேனியன் தெருவுல நான் என்ன பண்ணிப் பார்த்தேன்?

முதல்ல திங்கட்கிழமை மீட்டிங். எல்லாரும் உட்கார்ந்து கேஸ் நிலவரம் பேசறது. ஆரம்பத்துல அதுல உயிரே இல்ல. பார்ட்னர்கள் நாங்க பேசுவோம், சீனியர் அசோசியேட் பேசுவார், கடைசியில "ஜூனியர்ஸ், வேற ஏதாவது?"ன்னு கேட்டா எல்லாரும் நோட்டைப் பார்ப்பாங்க. பெரியவங்க ஒரு கருத்தைச் சொன்னப்புறம் அதுக்கு எதிரா யார் பேசுவா?

அப்புறம் வரிசையை மாத்தினோம். கடைசியாச் சேர்ந்தவங்க முதல்ல பேசணும். பார்ட்னர் கடைசி. அவ்வளவுதான் மாற்றம். நடந்ததைப் பார்த்து நானே அசந்துட்டேன். போன மாசம் சேர்ந்த பொண்ணு எழுந்து, "மேடம், இந்த வழக்குல நமக்குப் பிரதேச அதிகார வரம்பு இருக்கான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு"ன்னு சொல்லிச்சு. அக்ரிமென்ட்ல கடைசிப் பக்கத்துல ஒரு ஷரத்து, வழக்கு பெங்களூருல மட்டும்தான்னு. சீனியர் அசோசியேட் முதல்ல பேசியிருந்தா அந்தப் பொண்ணு வாயையே திறந்திருக்காது.

அடுத்தது, "புரிஞ்சுதா?"ங்கிற கேள்வியைத் தூக்கிப் போட்டேன். அதுக்கு உலகத்துல எந்த ஜூனியரும் "இல்ல"ன்னு சொன்னதில்ல. பதிலா, "இதை எப்படி ஆரம்பிக்கப் போறே, சொல்லு"ன்னு கேட்கறேன். ரெண்டே நிமிஷத்துல எங்க புரியலன்னு எனக்கும் தெரிஞ்சிடும், அவங்களுக்கும் தெரிஞ்சிடும். யாருக்கும் அவமானம் இல்ல.

டிராஃப்ட் விஷயம். இது என் மனசுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற விஷயம், கொஞ்சம் நின்னு சொல்றேன். ஒரு ஜூனியர் ராத்திரி கண்ணு முழிச்சு ஒரு எதிருரை எழுதித் தரான். சீனியர் அதை முழுக்கத் திருத்தி எழுதித் தாக்கல் பண்ணிடறார். ஜூனியர் தாக்கல் ஆன காப்பியைப் பார்க்கிறான். தான் எழுதினதுல ரெண்டு பாராதான் மிச்சம். ஏன்? யாரும் சொல்லல. இப்படி நாலு தடவை நடந்தா அவன் என்ன முடிவுக்கு வருவான்? "நான் என்ன எழுதினாலும் மாத்தத்தான் போறாங்க." அன்னிக்கே அவன் யோசிக்கிறதை நிறுத்திடுவான்.

அதனால திருத்தின ஒவ்வொரு டிராஃப்டையும் பக்கத்துல உட்கார வெச்சுப் பேசறேன். எல்லாத் திருத்தத்துக்கும் நேரம் கிடைக்காது. பெரிய மூணு திருத்தத்துக்காவது காரணம் சொல்லிடுவேன். "இந்தப் பாராவை ஏன் எடுத்தேன் தெரியுமா? நாம மறுக்கணுமே தவிர, விளக்கம் சொல்லக் கூடாது. குறிப்பா மறுக்காத விஷயத்தை ஒப்புக்கிட்டதாக் கோர்ட் எடுத்துக்கும்." சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 8 ரூல் 5-ஐப் புத்தகத்துல படிக்கிறதுக்கும், தன்னோட சொந்தப் பாரா வெட்டப்பட்டதுல படிக்கிறதுக்கும் அவ்வளவு வித்தியாசம். அந்தப் பத்து நிமிஷத்துலதான் அவங்க, "மேடம், ஆனா இதை வெட்டிட்டா நம்ம கவுன்ட்டர் கிளெய்ம் நிக்காதே"ன்னு எதிர்த்தும் பேசறாங்க. சில சமயம் அவங்க சொல்றதுதான் சரி. பாரா திரும்ப வரும்.

வாட்ஸாப் குரூப் பத்தி ஒரு வரி. அது உத்தரவு போட மட்டும்தான் நல்லது. இருபது பேர் பார்க்கிற இடத்துல சந்தேகம் கேட்கறவங்க யாரும் இல்ல. எல்லார்கிட்டேருந்தும் கட்டைவிரல்தான் வரும். அதை வெச்சு "எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு"ன்னு நம்பாதீங்க.

இன்னொண்ணு, இங்கிலீஷ். இதை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல. அரசியல் சாசனம் 348-ன்படி ஹைகோர்ட்டுல மொழி இங்கிலீஷ். மாவட்டத்துலேருந்து தமிழ்லயே படிச்சு, தமிழ்லயே சாட்சி விசாரணை பார்த்து வர்ற பிள்ளைங்க நிறைய பேர். சட்டம் அத்துப்படி. கேஸோட நாடியைப் பிடிப்பாங்க. ஆனா சேம்பர்ல இங்கிலீஷ்ல விவாதம் ஓடும்போது ஓரமா நின்னுடறாங்க. தப்பா ஒரு வார்த்தை வந்தா சிரிச்சிடுவாங்களோன்னு. எங்க ஆபீஸ்ல கேஸ் விவாதம் தமிழ்லதான். எழுதறது மட்டும் இங்கிலீஷ். தமிழ்ல பேச ஆரம்பிச்சதும் சிலரோட மூளை எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பார்க்கணுமே! கிராம நத்தம் பட்டா, பங்காளிப் பாகப்பிரிவினை மாதிரி கேஸ்ல அவங்களுக்குத் தெரிஞ்ச சூட்சுமம் சிட்டியில வளர்ந்த எனக்குத் தெரியாது. அதைக் கேட்காம விடறது கட்சிக்காரருக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் பணம். ஜூனியருக்கும் சீனியருக்கும் நடுவுல இருக்கிறதுலயே பெரிய மௌனம் இதுதான். எவ்வளவு தருவாங்க, எப்போ தருவாங்கன்னு சேர்ந்து மூணு மாசம் ஆகியும் தெரியாதவங்க இருக்காங்க. கேட்டா, தொழில் கத்துக்க வந்தவன் காசு கேட்கிறான்னு பேர். 2024 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டுல நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இளம் வக்கீல்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரணும்னு சுற்றறிக்கை அனுப்பச் சொல்லி நம்ம மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டுச்சு. சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மாசம் 20,000 ரூபாய், மத்த இடங்கள்ல 15,000. அதே வருஷம் அக்டோபர்ல இந்திய பார் கவுன்சிலும் நகரத்துல 20,000, கிராமப்புறத்துல 15,000-ன்னு பரிந்துரை பண்ணிச்சு. பரிந்துரைதான், கட்டாயம் இல்ல.

தொகை ஒரு பக்கம் இருக்கட்டும். சேர்ற அன்னிக்கே சொல்லிடுங்க: மாசம் இவ்வளவு, இந்தத் தேதி, போக்குவரத்து தனி, ஃபைலிங் செலவு உன் கைக்காசுல போடாதே. வாடகை எப்படிக் கட்டறதுன்னு தவிச்சிட்டு இருக்கிறவன்கிட்ட "மனசு விட்டுப் பேசுப்பா"ன்னு சொன்னா அவன் எதைப் பேசுவான்?

பெண் ஜூனியர்களுக்கு இன்னும் ஒரு அடுக்கு இருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கான்ஃபரன்ஸ், வெளியூர் கோர்ட்டுக்குக் கூட வரச் சொல்றது, கட்சிக்காரர் ஒருத்தர் தேவையில்லாம போன் பண்றது. இதெல்லாம் யார்கிட்ட சொல்றது? 2013 சட்டப்படி பத்து பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யற இடத்துல உள் புகார்க் குழு இருந்தாகணும். அதுக்குக் குறைவான சின்ன சேம்பர்னா மாவட்ட அளவுல இருக்கிற உள்ளூர்க் குழுகிட்ட போகலாம். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்ற நம்ம சேம்பர்கள்ல இந்த உள்ளூர்க் குழு எங்க இருக்குன்னு எத்தனை ஜூனியர்களுக்குத் தெரியும்? சேர்ற அன்னிக்கு ஒரு காகிதத்துல எழுதிக் கையில கொடுக்க வேண்டிய விஷயம் இது. நாங்க கொடுக்கறோம். கட்சிக்காரர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், அப்படி ஒரு போன் வந்தா அந்தப் பொண்ணு எங்ககிட்ட சொல்லணும், அதுக்கப்புறம் அந்த ஆள்கிட்ட பேசறது பார்ட்னரோட வேலைன்னும் அதுல எழுதியிருக்கு.

ஜூனியர்ஸ், உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். கெட்ட செய்தியைக் கொண்டு வர்றப்போ "சார், ஒரு சின்ன பிராப்ளம்..."னு இழுக்காதீங்க. முதல்ல கடைசித் தேதி என்னன்னு சொல்லுங்க. அப்புறம் என்ன நடந்ததுன்னு. அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்ச வழி. "அவார்டு வந்தது இந்தத் தேதி, நாள் முடியறது வர்ற வெள்ளிக்கிழமை, டைரியில தப்பாக் குறிச்சிருக்கு, நான் இன்னிக்கு ராத்திரியே டிராஃப்ட் ஆரம்பிக்கறேன்." இவ்வளவுதான். சீனியர் கத்தலாம். ஆனா அவர் மூளை உடனே வெள்ளிக்கிழமைக்குப் போயிடும்.

சீனியர்ஸ், அப்படிக் கொண்டு வந்தவங்ககிட்ட நீங்க சொல்ற முதல் வார்த்தையை மொத்த ஆபீஸும் காது கொடுத்துக் கேட்டுட்டு இருக்கும். "எப்படி நடந்தது?"ன்னு அப்புறம் கேட்டுக்கலாம். "நல்லவேளை இன்னிக்கே சொன்னே, உட்காரு"ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க.

கடைசியா, விட்டுப் போறது. இதைப் பத்தி யாரும் எழுதி நான் பார்க்கல. தனியாத் தொழில் ஆரம்பிக்கணும்னு ஒரு ஜூனியர் முடிவு பண்ணிட்டா, அதைச் சீனியர்கிட்ட சொல்றதுக்கு அவங்க படற பாடு இருக்கே! கிளார்க் அண்ணன் மூலமா சொல்லி அனுப்பறவங்க உண்டு. வெக்கேஷன் முடிஞ்சு திரும்பி வராமலே நின்னுடறவங்க உண்டு. துரோகம் மாதிரி பார்ப்பாங்களோன்னு பயம். சில சீனியர்கள் அப்படித்தான் பார்க்கவும் செய்யறாங்க.

எங்ககிட்ட ரெண்டு வருஷம் ஆனவங்ககிட்ட நானே கேட்டுடறேன்: "உன் திட்டம் என்னம்மா? இங்கயே வளரணுமா, தனியாப் போகணுமா? எதுவா இருந்தாலும் சொல்லு, அதுக்கேத்த மாதிரி வேலை தரேன்." தனியாப் போகணும்னா சாட்சி விசாரணை அதிகமாக் கொடுப்பேன், கட்சிக்காரர்கிட்ட ஃபீஸ் பேசறப்போ பக்கத்துல உட்கார வெப்பேன். ஃபீஸ் பேசறதை எந்த காலேஜ்லயும் சொல்லித் தர மாட்டாங்க. போற தேதியும் முன்னாடியே தெரியறதால கட்டெல்லாம் ஒழுங்கா அடுத்தவங்க கைக்கு மாறிடும். எந்த வாய்தாவும் நடுவுல தொலையாது.

அப்படிச் சொல்லிட்டுப் போன ஒரு பொண்ணு இப்போ செங்கல்பட்டுல ஆபீஸ் போட்டிருக்காங்க. அந்தப் பக்கத்துக் கோர்ட்டுல எங்களுக்கு ஒரு கேஸ் வந்தா அவங்களுக்குத்தான் போன் போடறேன். அவங்க சொல்ற ஃபீஸைத்தான் கட்சிக்காரர்கிட்ட கேட்கறேன். போன வாரம் ஒரு சொத்து வழக்குல, "மேடம், நீங்க கேட்கற இடைக்காலத் தடை இந்தக் கட்டத்துல கிடைக்காது, கமிஷனர் மனு முதல்ல போடுவோம்"னு சொன்னாங்க. அரை மணி நேரம் வாக்குவாதம் பண்ணினோம். கமிஷனர் மனுதான் போட்டிருக்கோம்.